ஆறாவது ஆள்

கெல்வின் பே கிளப்பையும் ஆஷ்டேல் கிளப்பையும் ஒன்றாக்கியபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் பத்து வருஷம் பே அணிக்காக ரக்பி லீக் ஆடியிருந்தேன். முன்வரிசை ஆட்டக்காரன். பந்தைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் மோதுவேன், விழுவேன், எழுவேன். சிட்னியில் அணிகள் அதிகமாகிவிட்டன, தனியாக நின்றால் இரண்டுமே போய்விடும் என்றார்கள். உறுப்பினர் கூட்டத்தில் கையைத் தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன்.

எங்கள் நீலமும் அவர்கள் சிவப்பும் சேர்ந்து புது ஜெர்ஸி வந்தது. ஆடியது ஆஷ்டேல் மைதானத்தில்.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. முதல் இரண்டு சீசனில், பெஞ்சையும் சேர்த்து அணியில் வரும் பதினேழு பேரில் ஆறு பேராவது பழைய பே ஆட்களாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சண்டை போட்டு வாங்கியது. பேப்பரில் படித்தேன், மறந்துவிட்டேன்.

இரண்டாவது சீசனில் விலியாமி முழங்கால் சரியாகித் திரும்பி வந்தான். அவனும் பே ஆள்தான். அந்த வாரம் என்னை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். இரண்டாம் அணியில் ஆடி மூன்று முறை பந்தை நழுவவிட்டேன். அடுத்த வாரம் இன்னொரு பே ஆளுக்குத் தாடை உடைந்தது. செவ்வாய்க்கிழமை பட்டியலில் பதினேழாவதாக என் பெயர்.

உடை மாற்றும் அறைக்குள் நுழைந்ததும் ஆஷ்டேல்காரன் டொல்லாந்த், "வாங்க ஆறாவது ஆளே, உக்காருங்க!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"அது என்னடா ஆறாவது ஆளு?" என்று விலியாமியைக் கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நெசமாவே தெரியாதா கம்மோ? தெரிஞ்சும் நீ சும்மா இருக்கேன்னுல்ல நெனச்சோம்." அப்போதுதான் ஒப்பந்தத்து நிபந்தனை நினைவுக்கு வந்தது.

என் பெயர் லெஸ் கமில்லெரி. மைதானத்தில் எல்லோருக்கும் கம்மோ.

கோச் ஸ்ட்ராட்டன் தன் அறையில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி தின்றுகொண்டிருந்தார்.

"கோச், என்னை எதுக்கு எடுத்தீங்க? ஆட்டத்துக்கா, ஆறு பேர் காட்டவா?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆறு பேர் காட்டத்தாண்டா. உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். வேணாம்னா சொல்லு, வேற யாரையாவது பாக்கறேன்."

"பரவால்ல கோச்" என்றேன்.

அன்று வீட்டில் என் மனைவி ஜனீனிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கோவம் வரலையா உனக்கு?"

"வரணும்னு தெரியுது. வரல."

"அப்ப விட்டுட்டு வா."

"வந்து? ஞாயித்துக்கெழம என்ன பண்றது?"

அவள் மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

இப்படியே ஒன்பது வாரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். சில நாள் கடைசி ஐந்து நிமிஷம் ஆடச் சொன்னார்கள். பல நாள் அதுவும் இல்லை.

கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தால் இறுதிச் சுற்று. வியாழக்கிழமைப் பயிற்சியில் என் கெண்டைக்கால் தசை கிழிந்தது. மூன்று வாரம் ஓடக்கூடாது என்றார் டாக்டர். ஞாயிறு காலை, எனக்குப் பதிலாக எடுத்த பே ஆளுக்குக் காய்ச்சல். மீதி ஐந்து பேர்தான். ஸ்ட்ராட்டன் போன் செய்தார்.

"ஜெர்ஸியப் போட்டுட்டு வந்து உக்காரு. அவ்ளோதான். உள்ள அனுப்ப மாட்டேன்."

உட்கார்ந்தேன். எண்பது நிமிஷ ஆட்டத்தில் எழுபது நிமிஷத்துக்குள் மூன்று பேருக்கு அடி. பிறகு டொல்லாந்த் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். பெஞ்சில் நான் மட்டும். ஸ்ட்ராட்டன் என் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நிக்க முடியுமா?"

"நிக்கலாம்."

நான்கு புள்ளி முன்னால் இருந்தோம். நான் நொண்டிக்கொண்டு இறங்கியபோது பே ஆட்கள் உட்காரும் மூலையிலிருந்து ஒருவர், "நம்ம ஆளுய்யா! கம்மோ!" என்று கத்தினார். அந்தப் பக்கம் முழுக்கக் கைதட்டியது.

எதிரணிக்கு என்னைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர்களுடைய நடு ஆட்டக்காரன் நேராக என்னை நோக்கி ஓடிவந்து, கடைசி அடியில் இடப்பக்கம் ஒதுங்கினான். நான் திரும்பினேன், கால் திரும்பவில்லை. கோல் கம்பங்களுக்கு நடுவே அவன் நடந்துபோய்ப் பந்தைத் தரையில் வைப்பதை நின்று பார்த்தேன். அடுத்த உதையையும் சேர்த்து ஆறு புள்ளி. இரண்டு புள்ளியில் தோற்றோம்.

ஆஷ்டேல் பக்கம் என்னைத் திட்டிக் கூச்சல். பே பக்கம் ஒரு சிலர் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டது.

"நான்தான் அனுப்பினேன். ஒந்தப்பு இல்ல" என்றார் ஸ்ட்ராட்டன். தலையாட்டினேன். குளித்தேன். டொல்லாந்த் ஒரு கையால் என் பையைத் தூக்கிக் கார்வரை கொண்டுவந்து வைத்தான்.

அக்டோபரில் கடிதம் வந்தது. நிபந்தனைக் காலம் முடிந்தது, என் ஒப்பந்தமும் முடிந்தது. நன்றி என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தார்கள்.

மார்ச்சில் புது சீசனின் முதல் ஆட்டம் நடந்தபோது குளியலறைத் தரையில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜனீன் வாசலில் நின்று, "மேட்ச் வைக்கட்டுமா?" என்றாள்.

"உன் இஷ்டம்."

வைத்தாள். யாரோ ஸ்கோர் செய்தார்கள், கூட்டம் இரைந்தது. மூலை டைல் சரியாக உட்காரவில்லை. எடுத்துவிட்டு, சிமெண்டை வழித்து, திரும்ப வைத்தேன்.