பொன்னுதுரை ஊர் பார்த்தது

கொள்ளுக்கடை பொன்னுதுரைக்கு ஜட்கா வண்டிக்காரன் சொரிமுத்து தர வேண்டியது ஆறு ரூபாய். குதிரை தின்ற கடன். மாதா கோயில் திருவிழாவன்று காலையில் பொன்னுதுரை ரயில் ஸ்டேஷன் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இருட்டுததுக்குள்ள காசு வரலன்னா குதிரையை அவுத்துட்டுப் போயிருவேன்."

"சவாரி போனாத்தான அண்ணாச்சி காசு?"

"போ. நானும் வாரேன். உன்னைத் தனியா விட்டா வேம்பாருக்கு ஓடிருவ."

வண்டியில் ஏறி முன்னால் உட்கார்ந்தார். குதிரை ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

கூலியையும் அவரே வைத்தார். "திருவிழாக் கூட்டம். யார் ஏறினாலும் தலைக்கு நாலணா. நாலு பேருக்கு ஒரு ரூபாய். ஆறு நடையில கடன் தீந்துது."

கோயில், கப்பல் தெரியும் கடற்கரை, முத்து விற்கும் தெரு, திரும்ப ஸ்டேஷன். இதுதான் ஒரு நடை. ஆடி மாதத்து வெயிலில் தெருவெல்லாம் தலைகள். நடந்து போனவர்கள் வண்டியை முந்திப் போய், சர்பத் குடித்துவிட்டு, எதிரே திரும்பி வந்தார்கள்.

முதல் முக்கிலேயே போலீஸ்காரர் கையைக் காட்டினார். "ஓட்டுதவன் போக நாலு ஆளுக்குத்தான் லைசென்சு. அஞ்சு தலை இருக்கு. ஒண்ணு இறங்கு."

"நான் சவாரி இல்லய்யா. கடன் வசூலிக்க வந்தவன்."

"வண்டிச் சக்கரத்துக்கு அது தெரியுமா? ஏறி உக்காந்தா சவாரிதான்."

பொன்னுதுரை இறங்கவில்லை. பின்னால் இருந்தவர்களில் ஒருவர் இறங்கினார். அதற்குப் பிறகு சொரிமுத்து மூன்று பேரைத்தான் ஏற்றினான்.

ஆறாவது நடையில், ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்த அருணாசலவடிவு என்ற அம்மாள் புருசனோடும் நாத்தனாரோடும் ஏறினாள். கடற்கரையைத் தாண்டியதும் பொன்னுதுரையிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்களும் ஊரு பாக்க வந்தியளா? கப்பலைப் பாத்தாச்சா?"

"ஆறு தடவை பாத்தாச்சு" என்றார் அவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

பொழுது சாய ஸ்டேஷனுக்குத் திரும்பினார்கள். பொன்னுதுரை நடைக்கு நடை தானே வாங்கி மடியில் கட்டியிருந்த காசை எண்ணினார். நாலரை ரூபாய்.

"இன்னும் ஒண்ணரை ரூபாய் இருக்கு. குதிரையை அவுறுல."

சொரிமுத்து அவிழ்க்கவில்லை. "ஆறு நடையும் வந்திருக்கிய அண்ணாச்சி. தலைக்கு நாலணா. அந்த ஒண்ணரை ரூபாய் உங்க கூலி."

"எனக்குமால கூலி?"

"யார் ஏறினாலும்னு நீங்கதான சொன்னிய."

இறங்கிக்கொண்டிருந்த அருணாசலவடிவு நின்றாள். "ஆறு தடவை கப்பலைப் பாத்துட்டு கூலி குடுக்காம போறாராக்கும்? ஒரு தடவை பாத்த நாங்களே குடுத்துட்டோமே!"

வண்டிக்குக் காத்திருந்த கூட்டம் சிரித்தது. முக்கில் நின்ற போலீஸ்காரர் இந்தப் பக்கம் பார்த்தார்.

"சரி, கடன் தீந்துது, போ" என்று பொன்னுதுரை இறங்கினார். "இனிமே கொள்ளு ரொக்கத்துக்குத்தான்."

"ஆகட்டும் அண்ணாச்சி. வீட்டுல கொண்டு விடட்டா?"

"வேண்டாம். நடந்தே போயிக்கிடுதேன்."