பட்டினி வரிசையில் ஒரு கொழுத்த கன்று

எங்கள் பசுமைக்குடிலில் மரக்கன்றுகள் இரண்டு வரிசை. ஒன்றுக்கு உரம் உண்டு. மற்றதற்கு வெறும் மணலும் தண்ணீரும்தான். மண்ணில் சத்து இல்லையென்றால் இலை சிறுத்து, தடித்து, வெளுத்துப்போகும், வெயிலை வைத்து உணவு சமைக்கத் திணறும் என்று காட்டுவதுதான் ஆராய்ச்சி. "யாராவது இரக்கப்பட்டு எதையாவது ஊத்தினீங்க, தொலைச்சிடுவேன்" என்று எங்கள் தலைவி முதல் நாளே மிரட்டியிருந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் புலி.

பட்டினி வரிசையின் கடைசிக் கன்று மட்டும் கரும்பச்சையாக, அகல அகலமாக இலை விட்டது. இலையைக் கவ்விப் பிடித்து ஒளிச்சேர்க்கையை அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தேன். உரம் தின்ற கன்றுகளையே அது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கருவிதான் கெட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே அதன் தொட்டி மணலைக் கிளறினேன். மீன் வாடை குப்பென்று அடித்தது.

இந்தக் கட்டடத்தில் ஒரே ஓர் அறையில்தான் மீன் வளர்க்கிறார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நேரே புலியின் முன் போய் நின்றேன்.

"மேடம், மீன் தொட்டித் தண்ணிய மாத்தினா பழச எங்க கொட்டுறீங்க?"

அவர் சாப்பாட்டு டப்பாவை மெதுவாக மூடினார். அவர் ஜன்னலுக்கு நேர் எதிரே, பசுமைக்குடிலின் ஓரத்தில், அந்தக் கன்று நின்றது.

"தினம் நான் சாப்பிடுறப்ப அது என்னையே பாக்குது. எனக்கு எப்படிம்மா சோறு இறங்கும்?"