மிக நன்று என்ற கட்டம்

கேள்வி ஒன்றுதான். உங்கள் உடல்நிலை பொதுவாக எவ்வாறு உள்ளது? அதற்கு ஐந்து கட்டங்கள்: மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம். இதைத் தயாரிக்கப் பேராசிரியர் வஹீபுக்கு இரண்டு வருடம் பிடித்ததாம். ஜோர்டான் தலைநகர் அம்மானில் குடும்ப மருத்துவத் துறைக்கே தலைவர் அவர். கேள்வியை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து, இலக்கண அரபியில் மாற்றி, திரும்ப ஆங்கிலத்தில் மாற்றிப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று தனக்குத்தானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டவர். எங்கள் ஊரில் ஒருவரிடம் நலம் விசாரித்தால் என்ன பதில் வரும் என்பதை மட்டும் அவர் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

என்ன வரும்? அல்ஹம்துலில்லாஹ். இறைவனுக்கே புகழ். நேற்றுக் கல்யாணம் ஆனவனும் அதைத்தான் சொல்வான், நாளைக்கு அறுவை சிகிச்சைக்குப் போகிறவனும் அதைத்தான் சொல்வான். எப்படிச் சொல்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிரித்துக்கொண்டே சொன்னால் ஒன்று, மூச்சு விட்டுவிட்டுச் சொன்னால் வேறொன்று. அதோடு 'அலா குல்லி ஹால்' என்று வால் சேர்ந்துவிட்டால், 'எந்த நிலையிலும்' என்று சேர்ந்துவிட்டால், அந்த வீட்டுக்குள் உடனே போய்ப் பார்க்க வேண்டும். இது எங்கள் ஊர் ஆட்டுக்காரனுக்குக்கூடத் தெரியும்.

நான் கிதாம். அய்ன் ஸஹ்ரா சுகாதார நிலையத்தில் இருபத்தாறு வருடமாக நர்ஸ். கிதாம் என்றால் முடிவு. ஆறாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டேனே என்று, இதோடு போதும் என அப்பா வைத்த பெயர். எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள். ஒரு சொல்லை அப்படியே நம்பக்கூடாது என்பது எனக்குப் பிறந்த வீட்டிலேயே தெரியும்.

பேராசிரியரின் ஆராய்ச்சியை வைத்துத்தான் தெற்கில் எந்த ஊருக்குக் குடும்ப மருத்துவர் வாரம் ஐந்து நாளும் வேண்டும், எந்த ஊருக்கு ஒரு நாள் போதும் என்று சுகாதார இயக்குநர் முடிவு செய்யப் போகிறார் என்றார்கள். எங்களுக்கு டாக்டர் லுப்னா வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு டாக்டர் இருந்தார். அவருக்குத் தோன்றிய நாளில் வருவார், தோன்றிய மருந்தை எழுதுவார். லுப்னா வந்த பிறகுதான் எங்கள் ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக்கொதிப்பு என்று ஒழுங்கான பதிவேடே வந்தது. என் பக்கத்து வீட்டு உம்மு முத்இபின் இடது காலில் இரண்டு விரல் ஏற்கெனவே போய்விட்டது. மூன்றாவதை லுப்னாதான் ஒருநாள் விட்டு ஒருநாள் புண்ணைச் சுத்தம் செய்து, இன்சுலினைக் கூட்டிக் குறைத்துப் பிடித்து வைத்திருக்கிறாள். லுப்னா போனால் விரல் போகும். விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது. கெரக் ஆஸ்பத்திரிக்குக் காலையில் ஒரு பஸ், அதிலும் அவளை ஏற்றிவிட இரண்டு ஆள் வேண்டும்.

கேள்வி கேட்க லமீஸ் என்ற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். கையில் டேப்லெட், காலில் வெள்ளை ஷூ. எங்கள் ஊர்ப் பெண்கள் முகம் தெரியாதவர்களுக்குக் கதவு திறக்க மாட்டார்கள் என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் வீட்டில் அல்ஹம்துலில்லாஹ். இரண்டாவது வீட்டில் அல்ஹம்துலில்லாஹ். மூன்றாவது வீட்டில் டேப்லெட்டைப் பார்த்து முழித்தாள். இதை எந்தக் கட்டத்தில் போடுவது? பேராசிரியருக்குப் போன் போட்டாள். கடவுளுக்கு நன்றி சொல்கிறவர் நலமாகத்தானே இருப்பார், முதல் கட்டத்தில் போடு என்று அவர் சொல்லிவிட்டார். அத்தனை படித்த மனிதர் அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

உம்மு முத்இப் கம்பளியால் காலை மூடிக்கொண்டு மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். விருந்தாளி வந்தால் காலைக் காட்டுவாளா? மரமிய்யா இலை போட்ட டீ வரவழைத்தாள், லமீஸின் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தாள். கேள்வி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், அலா குல்லி ஹால்" என்றாள். லமீஸ் மிக நன்று என்ற கட்டத்தைத் தொட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வாங்கி நானே பேராசிரியரிடம் பேசினேன். இந்த அம்மாளுக்குக் காலில் புண், எட்டு வருடச் சர்க்கரை, பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். கேள்விக்குப் பதில் சொல்கிறவரின் சொந்த வார்த்தைதான் கணக்கு, அதில் நாம் கை வைத்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று பொறுமையாக எனக்குப் பாடம் எடுத்தார். கடைசியாகச் சொன்னார்:

"நீங்க ப்ரஷர் பாருங்க சிஸ்டர். ஜனங்கள நாங்க பாத்துக்குறோம்."

லமீஸை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே திரும்பிப் போனேன். மோசம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலை என்று உம்மு முத்இபிடம் கெஞ்சினேன். லுப்னா போய்விடுவாள் என்றும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் செருப்போடு பள்ளிவாசலுக்குள் நுழைந்துவிட்டது போல இருந்தது.

"அவன் கேட்டுட்டு இருக்கான்டி மேல. அவன் குடுத்தத அந்தப் பொண்ணுகிட்ட நொட்டை சொல்லச் சொல்றியா? அதுவும் அவ என் வீட்டு டீய குடிச்சப்புறம்?"

அன்றைக்கு எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல்தான். ஒருவருக்குக் காது இல்லை, இன்னொருத்திக்கு வாய் இல்லை.

நான்கு மாதம் கழித்து முடிவு வந்தது. எங்கள் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் மிக நன்று. வசதியான மேற்கு அம்மான்காரர்களைவிட நாங்கள் ஆரோக்கியம். அங்கே கேட்டால் முதுகுவலி, தூக்கமில்லை, மன உளைச்சல் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். இதற்குப் பேராசிரியர் 'தெற்கின் நலப் புதிர்' என்று பெயரும் வைத்து, வெளிநாட்டில் போய்க் கட்டுரை வாசித்துவிட்டு வந்தும்விட்டார். எங்கள் வறுமைதான் எங்களைத் திடமாக வைத்திருக்கிறதாம்.

அறிக்கையை எங்கள் முன்னால் வாசிக்க நகராட்சி மண்டபத்தில் விழா. ஆட்டுக்கறியும் சோறுமாக மன்ஸஃப் விருந்து. இயக்குநர் வந்திருந்தார். லுப்னாவை மாற்றும் காகிதம் அவர் கோப்பில் இருப்பதாகவும், விருந்து முடிந்ததும் கையெழுத்து என்றும் அவருடைய டிரைவர் எங்களிடம் சொல்லியிருந்தான். லுப்னா கடைசி வரிசையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பேராசிரியரின் அப்பா தவறி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதனால் சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொருவராகப் போய்த் துக்கம் விசாரித்தார்கள். நானும் போனேன். லமீஸ் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், கையில் அதே டேப்லெட். இறைவன் உங்களுக்கு ஆறுதல் தரட்டும் என்றேன். பிறகு கேட்டேன்:

"நீங்க எப்படி இருக்கீங்க, டாக்டர்?"

அவர் கண் சிவந்திருந்தது. சவரம் ஒழுங்காக இல்லை. தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக, "அல்ஹம்துலில்லாஹ், அலா குல்லி ஹால்" என்றார்.

நான் லமீஸ் பக்கம் திரும்பினேன். மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"எழுதிக்கம்மா. மிக நன்று."

இயக்குநர் குனிந்து தன் கோப்பைப் புரட்டினார். நகராட்சித் தலைவர் என்னை அங்கேயே புதைத்துவிடுவது போல முறைத்தார். துக்கத்தில் இருக்கிறவனிடம் இப்படிச் செய்வது எங்கள் ஊரில் மன்னிக்க முடியாத காரியம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் சாப்பிடவில்லை. அறிக்கையும் வாசிக்கவில்லை. நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்திருந்தபோது பின்னாலேயே வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்து, பதிலுக்குப் பேசத் தயாராக இருந்தேன்.

"எங்கப்பாவுக்குக் கிட்னி போயிருக்கு சிஸ்டர். எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஃபோன்ல எப்படி இருக்கீங்கன்னு கேப்பேன். அதத்தான் சொல்வாரு."

"வால் சேத்தா, சேக்காமலா?" என்றேன்.

அவரும் படியில் உட்கார்ந்தார்.

"சேத்துதான். கடைசி ஆறேழு மாசமா சேத்துதான் சொன்னாரு."

குடும்ப மருத்துவத்துக்கே தலைவர். எனக்கு அவரைத் திட்ட வார்த்தை இருந்தது, திட்டவில்லை. அவர் உள்ளே போய் இயக்குநர் கையில் இருந்த கோப்பினை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். மறுபடி கணக்கெடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாராம். புதிர் பற்றிய கட்டுரை வெளிநாட்டில் அப்படியேதான் இருக்கிறது. அதைத் திரும்பப் பெறும் அளவுக்கு அவருக்கு இன்னும் துக்கம் வரவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலையில் உம்மு முத்இபின் கால்கட்டை அவிழ்த்தபடி, லுப்னா இப்போதைக்குப் போகமாட்டாள் என்று சொன்னேன். மூன்றாவது விரல் சிவப்பாக, உயிரோடு இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

வால் வருகிறதா என்று கையில் பஞ்சோடு காத்திருந்தேன்.

"என்னடி வாயப் பாத்துட்டு இருக்க?" என்றாள். "அவ்வளவுதான். கட்டப் போடு."