வாயை மூடாத கோச்

உலகத்தில் வாயை மூடாமல் பேசுகிற கடைசி மனுஷி தான்தான் என்று கோச்சம்மா உறுதியாக நம்பினார். தனக்குப் பிறகு மனித குலம் கைக்குட்டைக்குப் பின்னால் கிசுகிசுத்தே அழிந்து போகும் என்பதிலும் அவருக்கு ஐயமில்லை. மைதானத்தில் குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே, கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த உதவிப் பயிற்சியாளரிடம் இதை அறிவித்தார்.

"எழுதி வச்சுக்கோ. என் சர்வீஸ்ல ஒருத்தரையும் நான் சந்தேகப்பட்டது கிடையாது. ஒரு வார்த்தை மறைச்சுப் பேசினது கிடையாது."

"கயிறு கோணுது அக்கா."

"கயிறு கோணல. நீ கோணலா நிக்கிற."

உதவிப் பயிற்சியாளரை எல்லோரும் சின்ன கோச் என்பார்கள். கோச்சம்மாவிடம் பந்து வீசக் கற்று, அதே காலேஜில் ஆடி, படிப்பு முடிந்தும் மைதானத்தை விட்டுப் போக மனமில்லாமல் ஒட்டிக்கொண்டவள். கோணல் யாருடையது என்று விவாதிக்காமல் அரை அடி நகர்ந்து நின்றாள்.

கோச்சம்மா அந்தக் காலேஜின் பெண்கள் சாஃப்ட்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். அறைக் கதவில் அப்படித்தான் பலகை தொங்கியது. உள்ளே கிழிந்த வலைகளும், காற்றுப் போன கால்பந்துகளும், அவருக்கு ஒரு ஸ்டூலும் இருந்தன. கோடு போடுவது, ஜெர்சி துவைத்து வேலியில் காயப்போடுவது, டிரைவர் வராத நாளில் வேன் ஓட்டுவது ஆகியவை தலைமைப் பொறுப்புகள். மிச்சமிருக்கும் நேரத்தில் பயிற்சி கொடுத்தார். படிக்கிற காலத்தில் இதே அணிக்குக் கேட்சர்; ஆட்டம் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் பிடிக்கிற வேலை. அந்த முழங்கால்கள் இப்போது மாடிப்படியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டன.

வேலை ஒப்பந்த வேலை. சீசன் முடிந்ததும் விளையாட்டுத் துறை டைரக்டர் கூப்பிட்டு, "அடுத்த வருஷமும் பார்த்துக்கோங்க மேடம்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பது அவருக்குப் பழகியிருந்தது. வாக்கியத்தோடு, தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் இரண்டு அறைகள் உள்ள வீடும் வரும். வாக்கியம் வராவிட்டால் வீடும் இல்லை.

கடைசி மேட்ச் பக்கத்துக் காலேஜோடு. அந்த அணியின் கோச்சை இவர்கள் தொப்பி என்றார்கள். அவர் தன் பெண்களிடம் என்ன சொல்ல வேண்டுமானாலும் தொப்பியைக் கழற்றி வாயை மறைத்துக்கொண்டுதான் சொல்வார். தண்ணீர் கேட்பதானாலும் அப்படித்தான்.

"வாயை மூடிக்கிட்டுப் பேசறவன் ஒண்ணு திருடனா இருக்கணும், இல்ல பல்லு விளக்காதவனா இருக்கணும்" என்றார் கோச்சம்மா. பிறகு சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்து, தன் தொப்பியால் வாயை மூடி, தொப்பி தண்ணீர் கேட்பது போல நடித்துக் காட்டினார். ஓடிக்கொண்டிருந்த பெண்கள் ஓட்டத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவள் இப்போதைய கேட்சர். அவளைத் தாண்டி ஒரு பந்தும் போகாது என்பதால் அவளுக்குச் சுவர் என்று பெயர்.

கோச்சம்மாவுக்குச் செல்வாக்கும் உண்டு. அதற்குச் சான்றாக, வீராங்கனைகள் உட்காரும் தகர ஷெட்டின் கூரையில் ஒரு கேமரா இருந்தது. போன சீசனில் பந்துகள் காணாமல் போனதும், ஒரு கேமரா வைத்தால் தேவலை என்று அவர்தான் ஆபீஸில் கேட்டார். உடனே வந்துவிட்டது. அணிக்கு ஹெல்மெட் கேட்டது அதற்கும் பல சீசன்கள் முன்னால். அது பரிசீலனையில் இருந்தது. யாரையும் சந்தேகப்படாதவர் எதற்குக் கேமரா கேட்டார் என்று சின்ன கோச் ஒருமுறை கேட்டபோது, "அது சந்தேகம் இல்ல, பாதுகாப்பு" என்று பதில் வந்தது. பந்துகள் அதற்குப் பிறகும் காணாமல் போய்க்கொண்டுதான் இருந்தன.

மறுநாள் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"வாங்க மேடம், உக்காருங்க. முழங்கால் எப்படி இருக்கு?"

"இருக்கு சார்."

"ஒரு விஷயம் காதுல விழுந்துது. 'இந்த ஹெல்மெட்டை விட எங்க வீட்டுச் சோத்துப் பானை கெட்டி'ன்னு யாரோ சொன்னாங்களாம்."

 அதைச் சொன்னது கோச்சம்மாதான். ஷெட்டு பெஞ்சில் உட்கார்ந்து, விரிசல் விட்ட ஹெல்மெட்டுக்கு எலக்ட்ரீஷியனிடம் வாங்கிய கறுப்பு டேப்பைச் சுற்றும்போது சொன்னார். அப்போது அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி டேப்பைப் பிடித்திருந்த சின்ன கோச். இன்னொருத்தி ஹெல்மெட்டைப் பிடித்திருந்த சுவர்.

"யாரு சார் சொன்னது?"

"யாரோ." டைரக்டர் புன்னகைத்தார். "பொண்ணுங்க முன்னாடி அப்படிப் பேசினா அவங்க மனசு உடைஞ்சிடும் பாருங்க."

"மனசு அப்புறம் சார். முதல்ல மண்டை..."

"சீசன் முடியட்டும். உக்காந்து பேசுவோம்." அடுத்த வருஷமும் பார்த்துக்கோங்க என்று அவர் சொல்லவில்லை.

அன்று மாலை கோச்சம்மா சமையலறை ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். சின்ன கோச் ஆபீஸ் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எட்டிப் பார்த்தார்.

பஸ் டிப்போவிலிருந்து வந்து, கையில் ஒட்டிய கிரீஸைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கேட்டார். "யாரையும் சந்தேகப்படாத ஆளு ஜன்னல்லயே குடியிருக்கியே, என்ன சமாச்சாரம்?"

"காத்து வாங்கறேன்."

"காத்து இந்தப் பக்க ஜன்னல்ல வருது."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவ காலைப் பார்த்தீங்களா? புது ஷூ."

"ஷூ போட்டா தப்பா?"

"ஏதுங்கறேன்? நான் வாங்கற சம்பளத்துக்கே வாங்க முடியல. அந்தச் சுவருக்கு ஹாஸ்டல்ல ரூம் மாத்திக் குடுத்திருக்காங்க, தெரியுமா? ஜன்னல் வச்ச ரூம்."

"ஜன்னல்தான் இந்த ஊர்ல எல்லா வம்புக்கும் காரணம் போல" என்று சொல்லிவிட்டு அவர் துண்டைத் தேடிப் போனார்.

கோச்சம்மா யாரையும் சந்தேகப்படவில்லை. சரிபார்க்க மட்டும் முடிவு செய்தார். ஷெட்டு பெஞ்சில் சின்ன கோச் தனியாக இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "யார்கிட்டயும் சொல்லாதே. வேற காலேஜ்ல என்னைக் கூப்பிடறாங்க" என்றார். அப்படி யாரும் கூப்பிடவில்லை. பிறகு சுவர் தனியாக முழங்கால் கவசம் கட்டிக்கொண்டிருந்தபோது அதே பெஞ்சில் உட்கார்ந்து, "உன்னோட வச்சுக்கோ. புது ஹெல்மெட் வரலன்னா கடைசி மேட்ச்ல யாரும் இறங்கறதா இல்ல" என்றார். அப்படி ஒரு திட்டமும் இல்லை.

வாரக் கடைசியில் டைரக்டர் கூப்பிட்டார்.

"வேற காலேஜ்லேருந்து அழைப்பு வந்திருக்காமே? சந்தோஷம் மேடம். போறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்." பிறகு பேனாவை மூடி வைத்தார். "ஹெல்மெட் வராட்டி இறங்க மாட்டாங்களாமே பொண்ணுங்க? அதெல்லாம் வேண்டாமே."

ஒரு எலிக்கு வைத்த பொறியில் இரண்டு எலி. கோச்சம்மா படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். முழங்காலை அன்றைக்கு அவர் திட்டவில்லை.

மேட்ச் அன்று காலையில் சின்ன கோச்சை வேலி ஓரமாக நிறுத்தினார்.

"புது ஷூ ஏது?"

"தம்பி வாங்கிக் குடுத்தான் அக்கா. முதல் சம்பளத்துல."

"டைரக்டர் ரூம்ல உனக்கு என்ன வேலை?"

சின்ன கோச் வேலியில் காய்ந்த ஜெர்சியின் நூலைப் பிடித்து இழுத்தாள்.

"கேக்கறேன்ல?"

"மேட்ச் முடியட்டும் அக்கா. சொல்றேன்."

"அவரும் அதையேதான் சொல்றார். நல்லாப் பேசி வச்சிருக்கீங்க. நீ இன்னிக்குத் தண்ணி கேன் பக்கத்துல உக்காரு. ஓடறவங்களுக்கு எப்ப ஓடணும்னு நான் சொல்லிக்கறேன்."

"உங்க வீட்டுல சோறு தின்னு வளர்ந்தவ நான்."

"அதான் பானை கெட்டின்னு சரியாப் போய்ச் சொல்லியிருக்க."

சின்ன கோச் இழுத்த நூலை அறுத்துப் போட்டாள். போய்த் தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து சுவரிடமிருந்து கேட்சர் கவசத்தை வாங்கி, ஒல்லியான முதலாமாண்டுப் பெண்ணுக்குக் கட்டிவிட்டார் கோச்சம்மா. வார்களைக் கடைசித் துளை வரை இழுத்தும் கவசம் அவள் மேல் ஆடியது. சுவர், "நான் என்ன கோச் பண்ணினேன்?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். கோச்சம்மா வாரை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

ஆட்டம் ரொம்ப நேரம் சமமாகவே போனது. எதிர்ப்பக்கத்தில் தொப்பி தன் தொப்பிக்குப் பின்னால் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். டைரக்டர் பந்தல் நிழலில் விருந்தினர்களோடு உட்கார்ந்து சரியான இடங்களிலும் தவறான இடங்களிலும் கைதட்டினார். ஒல்லிப் பெண் மட்டை பிடிக்க வந்தபோது, வேகமாக வந்த பந்து அவள் காதோரம் மோதியது. டேப் சுற்றிய ஹெல்மெட் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி அவள் தலையிலும் மறுபாதி மண்ணிலும் கிடந்தன. கோச்சம்மா அந்த முழங்கால்களோடு ஓடினார்.

"எனக்கு ஒண்ணும் ஆகல கோச்" என்றாள் அவள். காது மடலிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் இறங்கியது. துடைத்துப் பஞ்சு வைத்தார்கள். பந்தலிலிருந்து, "அதான் ஸ்பிரிட்!" என்று டைரக்டரின் குரல் கேட்டது.

கடைசிச் சுற்றில் அவளே கேட்சராக உட்கார வேண்டியிருந்தது. அந்த இடத்தில் உட்கார அணியில் இன்னும் ஒருத்திதான் உண்டு. அவள் பெஞ்சில் இருந்தாள். கோச்சம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. தாழ்வாக வந்த பந்து ஒல்லிப் பெண்ணின் கால்களுக்கு நடுவே புகுந்து பின் வேலி வரை உருண்டது. அவள் எழுந்து தேடுவதற்குள் எதிரணிப் பெண் ஓடி வந்து, மிதித்தால் ரன் கணக்காகும் தட்டை மிதித்துவிட்டாள். ஆட்டம் தோல்வியில் முடிந்தது. சுவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கையை நீட்டியிருந்தாள், பிடிக்கப் போகிறவள் போல.

கை குலுக்கும் வரிசையின் கடைசியில் தொப்பி வந்தார். கையைக் கொடுத்தவர் விடவில்லை. இன்னொரு கையால் தொப்பியை எடுத்து வாயை மறைத்தார்.

"மேடம், நீங்க என்னை நடிச்சுக் காட்டறதா என் பொண்ணுங்க சொன்னாங்க. நல்லா இருந்துச்சாம்."

"உங்க ரகசியத்தைத் திருட நாங்க ஒண்ணும் அலையல சார். எங்களுக்கு எதுக்கு வாயை மூடறீங்க?"

"உங்களுக்காக யாரு மூடினா? எங்க ஆபீஸுக்காக மூடறேன். பழகிப் போச்சு, இங்க வந்தாலும் கை தானா போகுது." கண்ணால் மட்டும் ஷெட்டுக் கூரையைக் காட்டினார். "உங்களுக்கும் மாட்டிட்டாங்க போல."

"அது பந்து திருட்டுக்கு. நான் கேட்டு வந்தது."

"பந்துப் பை எங்க இருக்கு?"

கோச்சம்மா பார்த்தார். பந்துப் பை ஷெட்டுக்கு வெளியே, தூணோரத்தில் கிடந்தது. கேமரா உள்பக்கம், பெஞ்சைப் பார்த்துக் குனிந்திருந்தது.

"அதுக்குக் கண்ணுதானே இருக்கு?"

"காதும் இருக்கு." தொப்பி இன்னும் தணிந்த குரலில் சொன்னார். "எங்க காலேஜ்ல எனக்கு முன்னாடி ஒரு கோச் இருந்தார். ரொம்ப சத்தமாப் பேசுவார், உங்களை மாதிரி. பேசினதையெல்லாம் சேர்த்து வச்சுப் போட்டுக் காட்டி அனுப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடியே அசிஸ்டென்ட்டைக் கூப்பிட்டு, பாதிச் சம்பளத்துக்கு வர்றியான்னு கேட்டு வச்சிருந்தாங்க."

"அந்த அசிஸ்டென்ட் என்ன சொன்னான்?"

தொப்பி தன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். "தொப்பி வாங்கிக்கிட்டான்" என்று சொல்லி, அதைத் தலையில் வைத்துக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தார்.

ஷெட்டில் இரண்டு பேர்தான் மிச்சம். சுவர் பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்து கவசங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சின்ன கோச் மறுமுனையில் உட்கார்ந்து தண்ணீர் கேனின் மிச்சத்தைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தாள். கோச்சம்மா ஹெல்மெட்டின் இரண்டு பாதிகளையும் பொறுக்கிக்கொண்டு வந்து, அவர்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்தார். தள்ளி உட்கார இருவருக்கும் தோன்றியது, இருந்தும் இருவரும் நகரவில்லை.

சின்ன கோச் கேனை நிமிர்த்தி வைத்தாள். "மேட்ச் முடிஞ்சிடுச்சு அக்கா. இப்ப சொல்றேன். டைரக்டர் என்னை எதுக்குக் கூப்பிட்டார்னா..."

"அடடா, என்ன ஒரு ஹெல்மெட்!" என்று கோச்சம்மா கூரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். சுவர் துணியைக் கீழே போட்டுவிட்டாள். "நம்ம காலேஜ் குடுக்கற ஹெல்மெட் மாதிரி எங்கேயும் பார்த்ததில்ல. ரொம்பக் கெட்டி. ரொம்ப சந்தோஷம்."

இரண்டு பேரும் அவரை வெறித்தார்கள். கோச்சம்மா ஹெல்மெட் பாதிகளை மடியில் ஒன்றோடொன்று பொருத்தி வைத்தார். ஒரு பாதியின் உள்பஞ்சில் ரத்தம் காய்ந்திருந்தது. பிறகு தன் தொப்பியைக் கழற்றினார். அதன் ஓரத்தில் காலையில் போட்ட சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருந்தது. அதை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, இரண்டு பெண்களின் பக்கமும் குனிந்தார்.