கிரீம் பிஸ்கட் கரடி

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். கல்லூரியில் கடைசி வருடத்துக்குப் போகப்போகிறவள், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள், காலையில் எழுந்ததும் முதுகு வலி என்று முனகுகிறவள். ஆனாலும் பாப்பாதான். அவள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா "கம்ப்யூட்டர்" என்பாள், அப்பா "பொம்மைப் படம்" என்பார். கேட்டவர்கள் இரண்டையும் சேர்த்து, கம்ப்யூட்டர் பொம்மை விற்கிற கடையில் வேலை என்று புரிந்துகொண்டு போவார்கள். அனிமேஷன் என்று திருத்தித் திருத்தி பாப்பாவுக்கு அலுத்துவிட்டது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருடைய சந்தேகம் நியாயமானது. "பட்டனைத் தட்டினா லிஃப்ட் மேல போகுது. உன் கம்ப்யூட்டர்ல பட்டனைத் தட்டினா கரடி நடக்காதா?"

நடக்காது. அதுதான் அந்தப் படிப்பில் இருக்கிற வயிற்றெரிச்சல். கரடியை யாரோ செய்து, உள்ளே எலும்பெல்லாம் பூட்டி, மேலே ரோமம் நட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அது பிணம் மாதிரி கையை விரித்துக்கொண்டு நிற்கும். முட்டியை மடக்கு, இடுப்பை இறக்கு, தோளைத் திருப்பு, கட்டை விரலை ஊன்று என்று ஒவ்வொன்றாக நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும். மனிதர்கள் சும்மா நடக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று பாப்பா நொந்துகொண்டாள். நடப்பது என்றால் முன்பக்கமாக விழப்போவது; விழுவதற்குள் ஒரு காலைக் கொண்டுபோய் முட்டுக் கொடுப்பது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு படிக்கட்டில் இறங்கும்போதெல்லாம் தன் காலையே பார்த்து, இரண்டு முறை உருண்டிருக்கிறாள்.

வாத்தியாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'மறுபடி'. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் மனிதருக்கு வாயில் வருகிற ஒரே வார்த்தை அதுதான். அந்த வருடக் கடைசிப் பயிற்சியாக எல்லோருக்கும் ஒரே கரடியை, ஒரே சமையலறையைக் கொடுத்தார். கரடி பதுங்கிப் பதுங்கிப் போய், அலமாரியில் இருக்கிற டப்பாவிலிருந்து எதையோ திருடித் தின்ன வேண்டும். அவ்வளவுதான். யாருடைய கரடி தேறுகிறதோ அவர்களுக்குக் கடைசி வருடத்தில் நடிப்புப் பிரிவு. மற்றவர்களுக்குப் புகை, தண்ணீர், இடிந்து விழுகிற சுவர். புகை செய்வதும் பெரிய கலைதான், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் பாப்பா இந்தப் படிப்புக்கு வந்ததே ஒரு முகத்தை அழவைக்கவும் சிரிக்கவைக்கவும்தான். புகைக்கு ஏது முகம்? அந்தப் பிரிவு கிடைக்கவில்லை என்றால் படிப்பையே விட்டுவிடுவது என்று தனக்குள் சபதமே எடுத்திருந்தாள்.

முதல் கரடியைக் கொண்டுபோய்க் காட்டினாள். வாத்தியார் மோவாயைச் சொறிந்தார். "இது திருடப் போற கரடி இல்லம்மா. ஈரத் தரையில வழுக்காம போற கரடி. மறுபடி."

அடுத்ததைக் காட்டினாள். "இதுக்கு பாத்ரூம் அவசரம். மறுபடி."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. பாப்பாவுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"உன்னையே வீடியோ எடுத்துப் பாரு. நடிச்சுப் பாரு" என்றார். அவளும் போனை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுப் பதுங்கிப் பதுங்கி நடந்தாள். போட்டுப் பார்த்தால் கொசு அடிக்கப் போகிறவள் மாதிரி இருந்தது. திருடுகிற ஆசையே இல்லாதவள் எப்படித் திருடி மாதிரி நடப்பாள்?

ஆசை உள்ள ஆள் வீட்டிலேயே இருந்தார். அது தெரிந்தது ஒரு மதிய நேரத்தில்.

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடிவதற்கு முன்பே போய் ஊர்க்காரர்கள் கையிலெல்லாம் ஊசி குத்திவிட்டு, மதியம் வந்து சாப்பிட்டு உள்ளறையில் கொஞ்ச நேரம் கண்ணயர்வாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பரிசோதனை செய்வதும் அம்மா, சோறு அளந்து போடுவதும் அம்மா. தப்ப வழியே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பாப்பா வீட்டு ஹாலின் மூலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கணினியில் மூழ்கியிருந்தாள். அப்பா அறைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார். மகளைப் பார்த்தார். இவள் உலகத்திலேயே இல்லை என்று முடிவு செய்துகொண்டார். அப்புறம் நடந்தார் பாருங்கள் ஒரு நடை!

கால்சட்டையை இரண்டு கையாலும் முட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார், ஏதோ ஆற்றைக் கடக்கிறவர் மாதிரி. தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார். சத்தம் போடுவதே தொப்பைதான் என்று நினைப்பு போல. விரல் நுனி முதலில், குதிகால் அப்புறம். ஒவ்வொரு அடிக்கும் கழுத்து முன்னால் போனது, முதுகு பின்னாலேயே தங்கிவிட்டது. சமையலறைக் கதவின் கீல் மட்டும் ஏன் எப்போதும் எண்ணெய் வைத்துப் பளபளவென்று இருக்கிறது என்று பாப்பாவுக்கு அன்றுதான் விளங்கியது. உள்ளே போய், மேல்தட்டில் விருந்தாளிகளுக்கென்று அம்மா எப்போதோ வைத்துவிட்டு மறந்துபோன டப்பாவை இறக்கி, பிஸ்கட்டை வாயில் போட்டு, மெல்லாமல் ஊறவைத்து விழுங்கிவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

நல்ல மகளாக இருந்தால் என்ன செய்திருப்பாள்? "அப்பா!" என்று ஒரு அதட்டல் போட்டிருப்பாள். பாப்பாவின் கையோ தானாகப் போனை எடுத்து, பக்கவாட்டிலிருந்து முழுவதையும் படம் பிடித்துவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தால் அல்ல, சந்தோஷத்தால்.

அதைப் பார்த்துப் பார்த்துக் கரடிக்கு ஏற்றினாள். வாத்தியார் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "கால் வந்துடுச்சு. முன்னாலேருந்து பார்த்தா முதுகு என்ன பண்ணும்? தெரியலையே. மறுபடி."

முன்னாலிருந்து எடுக்கச் சமையலறைப் பாத்திரங்களுக்கு நடுவே போனை ஒளித்து வைத்தாள். அப்பா வந்தார். டப்பாவைத் திறந்தார். காலி. உள்ளே ஒரு தடவை பார்த்தார், கவிழ்த்துத் தட்டியும் பார்த்தார். அதற்கடுத்த நாள் அவர் வரவேயில்லை. பாப்பாவுக்குப் பகீரென்றது. நடிகர் வேலைநிறுத்தம் செய்தால் படம் எப்படி முடியும்?

அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். கல்லூரியிலிருந்து வரும் வழியில் ஒரு பாக்கெட் வாங்கி டப்பாவில் கொட்டி வைத்தாள்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. வாத்தியார் 'மறுபடி' என்பார், பாப்பா டப்பாவை நிரப்புவாள், அப்பா வருவார். சாதா பிஸ்கட் வைத்தால் நடையில் வேகம் குறைகிறது, கிரீம் பிஸ்கட் வைத்தால் முதுகு இன்னும் அழகாக வளைகிறது என்றுகூடக் கண்டுபிடித்தாள். அதைத் தன் தோழியிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

இதற்கிடையில் அப்பாவின் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. அம்மா முதலில் மிஷினைத் திட்டினாள். வேறு மிஷினில் பார்த்தாள். பிறகு சோற்றைக் குறைத்தாள், உருளைக்கிழங்கை வீட்டுக்குள் வரவிடாமல் செய்தாள், அவர் எதிரே குடிக்க மனம் வராமல் தன் டீயிலும் சர்க்கரையை நிறுத்தினாள். ஏறுகிறதே தவிர இறங்கவில்லை. அடுத்தது இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அம்மா காய் நறுக்கிக்கொண்டே, "ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் டெஸ்ட் எடுக்கிறேன். என் வீட்டு ஆளுக்கு நான் என்ன தப்பு பண்றேன்னு தெரியலையே பாப்பா" என்று மூக்கை உறிஞ்சினாள்.

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் வாத்தியார் அன்று காலையில்தான், "எல்லாம் சரி. டப்பாவைத் திறந்ததுக்கப்புறம் அவசரப்படுத்திட்டே. ஒரே ஒரு மறுபடி" என்று சொல்லியிருந்தார். இது ஒன்றுதான், கடைசி, இதோடு நிறுத்திவிடலாம் என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டு கடைக்குப் போனாள். கிரீம் பிஸ்கட்தான் வாங்கினாள்.

கல்லூரி அரங்கில் படம் போட்டுக் காட்டுகிற நாள். பெற்றோர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசைக்கே போய் உட்கார்ந்தார். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கரடிகள் வந்தன. ஒரு கரடி நொண்டியது, ஒன்று மிதந்தது, இன்னொன்றின் கை அலமாரிக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வந்தது. அடுத்ததாகப் பாப்பாவின் கரடி கதவிடுக்கில் தலையை நீட்டியது.

அது முதல் அடி எடுத்து வைத்ததுமே அரங்கம் குலுங்கியது. அப்பா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "இந்தக் கள்ளக் கரடியைப் பாரேன்! தொப்பையை எப்படி எக்குது பாரு!" என்று பக்கத்து ஆளின் தோளையெல்லாம் உலுக்கினார். தன் நடையைத் தானே பார்த்த மனிதன் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் திரையைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

கரடி டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தது. எடுத்ததும் தின்றுவிடவில்லை. கையில் வைத்துக்கொண்டு, தோள் இறங்கி, திரும்பி உள்ளறைப் பக்கம் பார்த்தபடி நின்றது. அரங்கத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வாயில் போட்டுக்கொண்டது. கடைசியாக எடுத்த வீடியோவில் அப்பா அப்படித்தான் நின்றார். பாப்பா ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

விளக்குப் போட்டதும் வாத்தியார் நேராக அவளிடம் வந்தார். "நடிப்புப் பிரிவுக்கு வந்துடு. ஆமா, அந்த இடத்துல ஏன் நிக்குது?"

"பயம் சார். யாராவது முழிச்சுக்குவாங்களோன்னு."

"பயமா? எனக்கு அப்படித் தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த மாணவனிடம் போய்விட்டார். கிடைத்துவிட்டது என்று குதிக்க வேண்டிய நேரத்தில் பாப்பாவின் கண் அம்மாவைத் தேடியது.

வெளியே வராந்தாவில் அப்பாவோடு அம்மா காத்திருந்தாள். குரலை உயர்த்தவில்லை. "என்னங்க, அந்தக் கரடி பேண்ட்டே போடலை. அப்புறம் எதுக்கு ரெண்டு கையாலயும் பேண்ட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போச்சு?"

அப்பா சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. குனிந்து தன் கையைப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, சமாதானமாகிவிட்டார்.

"சரி விடு. உனக்குத் தெரிஞ்சதுதானே. நீதானே வெச்சே."

"நான் எதை வெச்சேன்?"

"டப்பாவுல பிஸ்கட்டை. தீரத் தீர நீ நிரப்பி வெச்சியே. நீ தெரியாத மாதிரி இருந்தே, நானும் தெரியாத மாதிரி இருந்தேன். கிரீம் பிஸ்கட்டெல்லாம் வாங்கி வெச்சே பாரு, அன்னைக்கு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இவ்வளவு திட்டுறா, உள்ளுக்குள்ள இவ்வளவு பாசம்னு." அவர் குரல் தணிந்தது. "எனக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்தா பயம்தான். நிறைய நாள் வேணாம்னுதான் இருந்துச்சு. ஆனா தின்னாம விட்டா டப்பா அப்படியே இருக்கும், நீ பார்த்துட்டு வருத்தப்படுவியேன்னு போய்த் தின்னுட்டு வருவேன்."

கரடி எதற்காக நின்றது என்பது அதை நிற்கவைத்தவளுக்கே இப்போதுதான் தெரிகிறது.

"நான்தான்பா வெச்சேன்" என்றாள். "நீங்க நடக்கிறதை வீடியோ எடுக்க. சார் மறுபடி மறுபடின்னாரு. அதான்... மன்னிச்சிடுங்கப்பா."

அம்மா கையை ஓங்கிவிட்டாள். "படுபாவி! பெத்த அப்பனுக்கு விஷத்தை வெச்சு வேடிக்கை பார்த்தியாடி?" ஓங்கிய கை இறங்கவில்லை. அப்பா மகளைத் திட்டவே இல்லை. அவர் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நீ வெக்கலையா?" என்றார், சின்னப் பையன் மாதிரி.

அம்மாவின் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. "நான் ஆசையா வெச்சதெல்லாம் பாகற்காய்தாங்க. அதை நீங்க ஒரு நாளாவது இப்படிப் பதுங்கிப் போய்த் தின்னீங்களா?"

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார், ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டார். பாப்பாவால் சிரிக்க முடியவில்லை.

பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அப்பா முன்னால் போனார். நாலு அடி வைத்ததும் தடுமாறினார். வலது காலோடு வலது கையே வீசிக்கொண்டு போனது. நின்றார். மறுபடி தொடங்கினார். அதே கதிதான்.

"சாதாரணமா நடங்களேன்" என்றாள் அம்மா.

"எது சாதாரணம்னே மறந்துபோச்சு" என்றார் அவர். திரும்பி மகளைப் பார்த்தார். "பாப்பா, நீ பின்னால நின்னு பாக்காத. பக்கத்துல வா."

அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நடக்கும்போது அவருடைய காலும் தெரியவில்லை, முதுகும் தெரியவில்லை. வழியில் இருந்த சின்ன மேட்டில் ஏறுவதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது, அதுதான் கேட்டது.