பண்ணையார் ஜெயித்த யுத்தம்

அயகுச்சோ சமவெளியில் சண்டை தொடங்கும் முன் இரண்டு படைத் தளபதிகளும் அரை மணி நேரம் கொடுத்தார்கள். எதிர்ப்படையில் சொந்தக்காரன் இருந்தால் போய்க் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். திரும்பி வந்து அவனையே சுடலாம். அவ்வளவு நாகரிகமான யுத்தம்.

ஸ்பெயின் மன்னரின் படையில் நின்ற மெல்சோர் நடுவெளிக்குப் போனான். விடுதலைப் படையிலிருந்து அவன் தங்கை புருஷன் எவாரிஸ்தோ வந்தான்.

"ஒன்ன யாரு மாப்ள இங்க அனுப்புனது?"

"நம்ம பண்ணையார்தான் மச்சான். நாடு விடுதலையாகணும்னு அழுதாரு. ஒன்ன?"

"அவரேதான். ராசாவுக்கு ஆபத்துன்னு அழுதாரு."

எவாரிஸ்தோ பையிலிருந்து வறுத்த மக்காச்சோளத்தை எடுத்து நீட்டினான். மெல்சோரின் பையிலும் அதே பண்ணைச் சோளம்தான் இருந்தது.

"துப்பாக்கிய மேல தூக்கிச் சுடு மாப்ள."

"நீயுந்தான்."

எக்காளம் முழங்கியது.

மத்தியானத்துக்குள் மன்னர் படை சரணடைந்தது. அடுத்த வாரம் வென்ற தளபதிக்குப் பண்ணையார் விருந்து வைத்தார். மன்னர் படத்தைக் கழற்றிய ஆணியில் புதுக் கொடி தொங்கியது. "விடுதலைக்கு என் ஆளையே குடுத்தேன்" என்று எவாரிஸ்தோவின் தோளைத் தட்டினார்.

கைதியாக வந்து கொல்லையில் எச்சில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மெல்சோர், கை கழுவ வந்த பண்ணையாரிடம் கேட்டான்: "ராசா ஜெயிச்சிருந்தா என்னங்கய்யா பண்ணிருப்பீங்க?"

பண்ணையார் கொஞ்சமும் கூசவில்லை.

"ஒன் தோளத் தட்டிருப்பேன். இந்தப் பாத்திரத்த அவன் கழுவிருப்பான்."