கழுத்தில் படாத காற்று

பதிவுக்கூடத்தில் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். ஜன்னல்கள் நான்கு இருந்தாலும் திறக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். மற்ற மூன்றும் எப்போதோ பெயின்ட் அடித்தபோது சட்டத்தோடு சட்டமாக ஒட்டிக்கொண்டுவிட்டன. திறக்கிற ஜன்னலின் அடியில் தலைமை எழுத்தர் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கோடியில், கதவை ஒட்டிய சுவரோரம், பழைய கோப்புகளின் அலமாரிகளுக்கு நடுவே ரெக்கார்டு அம்மா.

தலைமை எழுத்தருக்குக் கழுத்துதான் உயிர்நாடி. வெளியே இலை அசைந்தாலே அவருக்குப் பிடரி பிடித்துக்கொள்ளும். காலையில் வந்ததும் ஜன்னலைச் சாத்தி, கொக்கி போட்டு, மஃப்ளரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் முதல் கோப்பைப் பிரிப்பார். பத்து நிமிடத்தில் ரெக்கார்டு அம்மா எழுந்து வந்து கொக்கியை எடுத்துவிட்டுப் போவார். இவர் சாத்துவார். அவர் திறப்பார். இத்தனைக்கும் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. சண்டையெல்லாம் எழுத்தில்தான். முப்பதடி தூரத்தில் இருந்துகொண்டு மேலாளர் வழியாக மனுவுக்கு மேல் மனு. நாலே வருடத்தில் அந்தக் கோப்பு தலையணைப் பருமனுக்கு வந்துவிட்டது.

மேலாளர் யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். ஒரு நாள் கோப்பின் ஓரத்தில் பச்சை மையால் எழுதினார்: "காற்று வர வேண்டும். ஆனால் படக் கூடாது. கட்டடப் பிரிவு ஆவன செய்க."

கட்டடப் பிரிவு என்பது இரண்டாம் மாடிக் கோடியில் ஒரு சாய்வு மேஜையும் அதன் பின்னால் ஒரு மனிதரும். வரைபடம் வரைவது அவர் வேலை. கைப்பிடிச் சுவரில் ஒரு மில்லிமீட்டர் கோணல் இருந்தாலும் கொத்தனாரை நிற்கவைத்துப் பேசுவார் என்பதால் அலுவலகமே அவரை மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் வரைந்ததெல்லாம் சைக்கிள் நிறுத்தம், கழிவறைக் கதவு, மறுபடியும் கழிவறைக் கதவு. புதிதாக ஒன்றைக் கண்டுபிடி என்று அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. பச்சை மையை நாலு முறை படித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையறை ஜன்னலை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

"என்ன, வீட்ட விக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"காத்து வேணும். ஆனா மேல படக் கூடாது."

"அப்படி ஒண்ணு இருந்தா எனக்கும் சொல்லுங்க. உங்க ஆபீஸ் கதையெல்லாம் அந்த மாதிரியே கேட்டுக்கறேன்."

மனைவியின் தம்பி தச்சுப் பட்டறை வைத்திருந்தான். மறுநாளே அவனை வரவழைத்துவிட்டார். முதலில் சாய்வான பலகைகளை வரிசையாக அடுக்கி ஒரு சட்டம் செய்தார்கள். அதைப் பொருத்தி, மில்லிமீட்டர் தன் பிடரியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஈரக் கழுத்துக்குத்தான் சின்ன ஊதல்கூடத் தெரியும் என்பது அவர் கணக்கு. தெரிந்தது. ரொம்பவே தெரிந்தது. மூன்று நாள் தும்மினார்.

"மாமா, காத்து என்ன நாய்க்குட்டியா, இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் போன்னா கேக்கறதுக்கு?" என்றான் மச்சான்.

"கேக்கும். நாமதான் சரியாச் சொல்லல."

தும்மிக்கொண்டே யோசித்தார். கழுத்தைப் பிடிப்பது காற்று இல்லை, அதன் வேகம். குறுகிய சந்தில் ஓடி வருகிறவன் திறந்த வெளிக்கு வந்ததும் நடையாக மாறுவதுபோல, வெளியே வாய் குறுகலாகவும் உள்ளே போகப்போக அகலமாகவும் ஒரு பெட்டி வைத்தால் வேகம் தணியும். பெட்டியின் முன்பலகையைச் சாய்த்துவிட்டால் காற்று நேராக ஆளின் மேல் வராமல் கூரைப் பக்கம் ஏறும். அங்கே அறையின் சூட்டோடு கலந்து மெதுவாக இறங்கும். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. செய்து பொருத்தினால் காற்று உள்ளே வரவே இல்லை.

இரண்டு வாரம் பெட்டியை அகலமாக்கினார், குறுக்கினார், மச்சானின் பொறுமையையும் சேர்த்து இழைத்தார். கடைசியில் மனைவிதான் கட்டிலில் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "உள்ள இருக்கற காத்து வெளிய போனாத்தானே புதுசு வரும்? நிரம்பின குடத்துல எங்க போய் ஊத்துவீங்க?"

மில்லிமீட்டர் பென்சிலைக் காதில் செருகியபடி எழுந்து நின்றார். எதிர்ச்சுவரில் கதவுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் ஒரு திறப்பு வெட்டினார்கள். பிறகு அறை முழுக்க நூல் துண்டுகளைத் தொங்கவிட்டார். பெட்டியின் மேல்வாயில் கட்டிய நூல் நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது. கதவுக்கு மேலிருந்த நூல் வெளிப்பக்கம் சாய்ந்தது. நாற்காலி உயரத்தில் கட்டிய நூல் மட்டும் செத்ததுபோலத் தொங்கியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த மூன்று நூல்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

ஒரு விடுமுறை நாளில் பதிவுக்கூடத்தில் பெட்டியைப் பொருத்தி, கதவுக்கு மேலே திறப்பும் வெட்டியாயிற்று. வேலை நாள் வந்தது. மில்லிமீட்டர் ஏதோ கோப்பு தேடுகிற சாக்கில் மூன்று முறை கூடத்துக்குள் போய் வந்தார். தலைமை எழுத்தர் மதியத்துக்குள் மஃப்ளரைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டிருந்தார். ரெக்கார்டு அம்மா நாற்காலியைவிட்டு எழவில்லை. ஜன்னலைப் பற்றி யாரும் பேசவே இல்லை. மில்லிமீட்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வார இறுதியில் மதிப்பீட்டுக் குழு கூடியது. மேலாளர் தலைவர், தலைமை எழுத்தரும் ரெக்கார்டு அம்மாவும் உறுப்பினர்கள்.

"சொல்லுங்கம்மா, காத்து வருதா?" என்றார் மேலாளர்.

"எங்க சார் வருது? முகத்துல ஒரு துளி படல."

"நீங்க?"

"எனக்குப் பரம திருப்தி சார்," என்றார் தலைமை எழுத்தர். "காத்து சுத்தமா நின்னுபோச்சு. தச்சர் நல்ல வேலைக்காரர்."

"வருது சார்," என்றார் மில்லிமீட்டர். "படல. அவ்வளவுதான். நீங்க கேட்டதே அதுதானே?"

மேலாளர் பச்சைப் பேனாவை மூடினார். "படலைன்னா வருதுன்னு எப்படிப்பா நம்பறது? ஒரு அத்தாட்சி வேணாமா?"

அத்தாட்சிக்குத்தான் மில்லிமீட்டர் அந்தச் சிவப்பு ரிப்பனைக் கட்டினார். பெட்டியின் மேல்வாயில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, ஒரு முழ நீளம். கட்டிய மாத்திரத்தில் ரிப்பன் துள்ளி எழுந்து படபடத்தது. ரெக்கார்டு அம்மா மார்பில் கை வைத்து, இப்போதுதான் மூச்சே வருகிறது என்றார். தலைமை எழுத்தர் தலையைத் திருப்பி ரிப்பனைப் பார்த்தார். கை தானாகப் பிடரிக்குப் போனது.

"நாலு நாளா இதுவா என் மேல அடிச்சிட்டிருந்தது?" என்றார். "அதான் பாத்தேன். ஏதோ ஒரு மாதிரி இருந்துதேன்னு."

மறுநாள் முதல் மூன்று நாள் மருத்துவ விடுப்பு. சான்றிதழில் கழுத்துச் சுளுக்கு என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

குழு மறுபடி கூடியது. ரிப்பன் ஆட வேண்டும், ஆனால் ஆடுவது தலைமை எழுத்தருக்குத் தெரியக் கூடாது என்று தீர்மானமாயிற்று. மில்லிமீட்டர் நொந்துபோய் மச்சானிடம் புலம்பினார். அவன் ஆணியை வாயில் கவ்வியபடி, "அவர் நாற்காலிக்குப் பின்னால ஒரு தட்டி வச்சிடுங்க மாமா. கண்ணுக்குத் தெரியலைன்னா கழுத்துக்கும் தெரியாது," என்றான். தட்டி வைத்தார்கள். கழுத்துச் சுளுக்கு நின்றது. மூன்று வாரம் கூடத்தில் அப்படியொரு அமைதி. மேலாளர் அந்த அமைதியைச் சாதனையாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார். இயக்குநரே நேரில் பார்க்க வருகிறார் என்று பதில் வந்தது.

இயக்குநர் வருகிற அன்று காலையில் கூடம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஆனால் ரிப்பன் ஆடவில்லை. தூக்கில் போட்டதுபோல நேராகத் தொங்கியது. மில்லிமீட்டர் கதவுக்கு மேலே பார்த்தார், திறந்துதான் இருந்தது. வெளியே பார்த்தார், மரக்கிளை அசைந்துகொண்டுதான் இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறப் போனவரை மேலாளர் பிடித்து நிறுத்தினார்.

"கார் வந்தாச்சு. இப்ப எதையும் பிரிக்காத. என் ரூம்ல டேபிள் ஃபேன் இருக்கு, எடுத்திட்டு வா."

"சார், அது எதுக்கு?"

"ரிப்பனுக்கு."

மின்விசிறி தலைமை எழுத்தரின் மேஜைக்குப் பக்கத்தில், கோப்பு அடுக்குக்குப் பின்னால் மறைவாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் ரிப்பன் கொடிபோலப் பறந்தது. இயக்குநர் வந்தார். பெட்டியின் முன்னால் நின்று கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்தார். அவருடைய வாரிய தலைமுடி ஒரு பக்கமாக எழுந்து நின்றது.

"வெளிக்காத்து வெளிக்காத்துதான்யா. இந்தத் தெளிவு எதுல கிடைக்கும்?" என்றார். "எங்கிருந்து வருதுன்னே தெரியல பாருங்க."

"அதுதான் சார் இதோட விசேஷம்," என்றார் மேலாளர்.

இயக்குநரைப் பார்த்தபடி, விசிறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலைமை எழுத்தர் நின்றிருந்தார். காற்று முழுவதும் அவர் பிடரியில்தான் மோதியது. சட்டைக் காலர் படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் முகத்தில் புன்னகை மாறவில்லை. "கொஞ்சம்கூட மேல படறதில்ல சார்," என்று வாக்குமூலம் கொடுத்தார்.

"சார், ஒரு நிமிஷம்," என்று மில்லிமீட்டர் வாயெடுத்தார். மேலாளரின் கை அவர் தோளில் அன்பாக விழுந்து, நன்றாக அழுத்தியது.

பத்து நாளில் ஆணை வந்தது. அலுவலகத்தின் நாற்பது அறைகளுக்கும் இயக்குநர் பார்வையிட்ட அதே அமைப்பு. பெட்டி ஒன்று, சிவப்பு ரிப்பன் ஒன்று, விசிறி ஒன்று. கதவுக்கு மேலே திறப்பு வேண்டாம். கதவைப் பற்றி யாரும் மனு கொடுக்கவில்லையாம். திறப்பு இல்லாவிட்டால் காற்று வராது, விசிறி இருக்கிற காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும் என்று மில்லிமீட்டர் இரண்டு பக்கம் எழுதி, நூல் துண்டுகளின் படமும் வரைந்து அனுப்பினார். அது அப்படியே திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மை: "பார்க்கப்பட்டது. நன்று."

"நாற்பது பெட்டியும் நாமதான் பண்ணினோம்னு வெளிய சொல்லிடாதீங்க மாமா," என்றான் மச்சான். "எனக்குப் பட்டறைல ஒரு பேர் இருக்கு."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம ரூம்ல இருக்கறது வேலை செய்யுதுல்ல? அப்புறம் என்ன? போய்க் கை கழுவுங்க."

அவருக்கு மனசு ஆறவில்லை. அன்று ஏன் ரிப்பன் ஆடவில்லை என்பது முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் எல்லோரும் வருவதற்கு முன்பே போய், ஸ்டூலில் ஏறிப் பெட்டிக்குள் கைவிட்டார். சுருட்டிய பழைய செய்தித்தாள் வந்தது. இன்னொன்று. இன்னொன்று. ஒரு வாரச் செய்தி முழுக்க உள்ளே இருந்தது.

"அத எடுக்காதீங்க சார்," என்றது ஒரு குரல். துடைப்பமும் வாளியுமாகக் கூடத்தைச் சுத்தம் செய்கிற அக்கா நின்றிருந்தார்.

"நீங்களா வச்சீங்க?"

"பின்ன? நீங்க பெட்டி வச்ச நாள்லேருந்து அலமாரி மேலெல்லாம் மண்ணு. ஒரு தடவ துடைச்சிட்டுத் திரும்பினா மறுபடியும் மண்ணு. பெரியவர் வர்றார், பளிச்சுன்னு இருக்கணும்னு சொன்னாங்க. அடைச்சிட்டேன்."

மில்லிமீட்டர் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. இத்தனை மாதத்தில், இத்தனை குழுவில், அந்தப் பெட்டியில் உண்மையாகவே இருந்த ஒரு குறையைச் சொன்ன முதல் ஆள் இவர்தான். மண்ணை அவர் நினைத்தே பார்க்கவில்லை.

"அடைச்சப்புறம் உங்களுக்கு எப்படி இருந்தது?"

"காலைல கதவத் தொறந்தா ஒரு புழுக்கம் வரும் பாருங்க, முன்னாடி எல்லாம் வருமே, அது திரும்ப வந்துடுச்சு. நடுவுல கொஞ்ச நாள் அது இல்ல. பெருக்கி முடிச்சாலும் மூச்சு வாங்கல. அதுவும் உங்க பெட்டிதானா?"

"அதுதான்," என்றார் அவர்.

"அப்ப மண்ணுக்கு ஏதாவது பண்ணுங்க. காத்து வந்தா எனக்கென்ன கசக்குதா?"

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். செய்தித்தாளின் ஓரத்திலேயே வரையத் தொடங்கினார். பெட்டியின் வெளிவாயில் ஒரு சின்னச் சட்டம், அதில் மெல்லிய துணி. மனைவி தைத்துக் கொடுப்பாள். துணி காற்றைக் கொஞ்சம் மறிக்கும், அதற்காக வாயை இரண்டு விரல் அகலமாக்க வேண்டும்.

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "துணின்னா அழுக்காகும். யார் துவைக்கறது? நான்தானே?"

"வாரத்துக்கு ஒரு தடவ போதும். உள்ளேருந்தே இப்படி இழுத்தா கையோட வந்துடும்."

"ஸ்டூல்ல எல்லாம் ஏற மாட்டேன். முட்டி வலி."

"ஏற வேண்டாம். கையத் தூக்குங்க பாப்போம்."

அக்கா சுவரோரம் நின்று கையை உயர்த்தினார். மில்லிமீட்டர் டேப்பைப் பிரித்துத் தரையிலிருந்து விரல் நுனி வரை அளந்து, எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

"எக்கி நிக்கறேன் சார், அப்படியே எழுதிடாதீங்க," என்றார் அக்கா, குதிகாலை இறக்கியபடி. "இன்னும் நாலு விரல் கீழ வைங்க."

அவர் அழித்துவிட்டு, மறுபடி அளந்தார்.